நாற்பத்தோராம் குழி

ஓய்வு பெற்றவர்களை எழுதச் சொன்னால் முதல் பக்கத்திலேயே ஒரு குரூப் போட்டோவைப் போட்டுவிடுவார்கள். முன்வரிசையில் கதிரை போட்டுப் பெரியவர்கள், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள். என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. அதை அலுமாரியிலேயே விட்டுவிட்டேன். நான் சொல்ல வந்தது வேறொரு படத்தைப் பற்றி. மாத்தளை மாவட்டத்துக்கு அடியில் நாற்பது கிலோமீற்றர் ஆழம் வரை பாறைகள் எப்படிக் கிடக்கின்றன என்று காட்டும் படம் அது. அதன் நடுவில் மேலிருந்து கீழ் வரை விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை ஓடுகிறது. அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. கருவிக் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது கருவிக் கோளாறு அல்ல, என் கைவேலை.

போன வருடம் ஷிஃபானா என்ற பிள்ளை போன் பண்ணினாள். எங்கள் மாத்தளை டவுனில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இப்போது பழைய பதிவு நாடாக்களைக் கணினியில் ஏற்றி, படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போதெல்லாம் இந்த வேலைக்கு வெடிமருந்தே வேண்டாமாம், லொறியைக் கொண்டு தரையை அதிரச் செய்கிறார்களாம். அதையெல்லாம் சொல்லிவிட்டு, "அங்கிள், குழிப் புத்தகம் நீங்கதானே எழுதினீங்க? நாப்பத்தொண்ணு மட்டும் பொருந்தவே மாட்டேங்குது" என்றாள்.

பதினான்கு வருடமாக அந்த எண்ணை யாரும் என் காதில் போட்டதில்லை. கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுக்கு வாம்மா, பேசலாம்" என்றேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் நில அளவையில் சங்கிலி பிடிக்கச் சேர்ந்தேன். வெயிலில் கறுத்து, அட்டைக் கடியில் இரத்தம் கொடுத்து, ஏழெட்டு வருடத்தில் கோணம் பார்க்கவும் வரைபடம் போடவும் கற்றேன். குழாய்க் கிணறு தோண்ட இடம் பார்க்கும் பிரிவில் வெகுகாலம் இருந்தேன். எந்த மண்ணுக்குக் கீழே தண்ணீர் நிற்கும் என்பது எனக்கு அத்துப்படி. பின்னால் நடந்ததற்கு இது முக்கியம், அதனால்தான் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து வெடிமருந்துக்கு அனுமதி கிடைக்கத் தொடங்கிய காலத்தில், ஆழப் பாறைகளைப் பார்க்க ஒரு குழு வந்தது. நம் மலைநாட்டுப் பாறை, கிழக்குப் பக்கத்துப் பாறையின்மேல் ஏறிப் படுத்திருக்கிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சேர்க்கை கிழக்கே தரையில் தெரிகிறது. அடியில் அது எவ்வளவு தூரம் மேற்கே சரிந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அதற்காகப் பலாபத்வலையில் தொடங்கி, ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் ஏறி, லக்கல தாண்டிப் போகும்படி ஒரு கோடு போட்டார்கள். கோடு நெடுகக் குழிகள். குழிக்கு இடம் பார்ப்பது, காணிக்காரரிடம் கையெழுத்து வாங்குவது, எந்தக் குழி எங்கே, கிணறு வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று குழிப் புத்தகத்தில் எழுதுவது என் பொறுப்பு.

வேலை கேட்பதற்கு எளிது. இருபது மீற்றர் ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் மருந்து வைத்து, மண்ணால் இறுக்கி அடைத்து வெடிக்க வைப்போம். அதிர்வு கீழே போகும். பாறை மாறும் இடங்களில் அதில் கொஞ்சம் திரும்பி மேலே வரும். அதைப் பிடிக்கக் கிலோமீற்றர் கணக்கில் கேபிள் இழுத்து, ஐம்பது மீற்றருக்கு ஒன்றாக ஜியோபோன் நட்டிருப்போம். உள்ளங்கைக்குள் அடங்கும் டப்பா, அடியில் ஆணி, அவ்வளவுதான். ஆனால் அரைக் கிலோமீற்றர் தள்ளி ஒரு மாடு நடந்தாலும் அதற்குத் தெரியும். பூமி ஓட்டின் அடிமட்டத்திலிருந்து திரும்பி வரும் அதிர்வுக்குப் பன்னிரண்டு செக்கன் பிடிக்கும். அதனால் வெடித்த பிறகு இருபது செக்கன் கோடு முழுவதும் ஒருவரும் அசையக் கூடாது. இருமல் வந்தாலும் விழுங்க வேண்டும்.

குழுவின் தலைவர் ஹேரத் சேர். எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவருடைய தகப்பனார் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தவர், அதனால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். மெலிந்த மனிதர். வெடிக்குமுன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பதிவு லொறிக்குப் பக்கத்தில் வெறுங்காலுடன் நிற்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார்.

குழிப் புத்தகத்துக்கு அவர் வைத்த சட்டங்கள் இரண்டு. மழையில் மை கரையும், அதனால் பென்சிலால் எழுத வேண்டும். ஆனால் ரப்பர் யாரிடமும் இருக்கக் கூடாது. தப்பாக எழுதினால் மேலே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். "அழிச்சிட்டா எங்க மாத்தினீங்கன்னு எனக்குத் தெரியாம போயிடும்" என்பார். இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. முக்கியமான எதையும் மூன்று தடவை கேட்பார். காலையில் ஒரு தரம், சாப்பிடும்போது ஒரு தரம், ஜீப்பில் ஏறும்போது ஒரு தரம், அதே வார்த்தையில், அதே குரலில். சேருக்குக் காது மந்தம் என்று பையன்கள் கேலி பண்ணுவார்கள். பூசி மெழுகினவன் மூன்றாம் தடவை தடுமாறுவான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நான் தடுமாறவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சட்டத்துக்கு மேல் ஒரு சட்டம் இருந்தது. கிணறு, வீடு, கோயில், புத்த விகாரையான பன்சல எதுவானாலும் நூறு மீற்றருக்குள் குழி போடக் கூடாது. நூறுக்குள் போட்டு ஏதாவது கெட்டுப்போனால் கேள்வியே இல்லை, குழு தன் கையால் சரிசெய்து கொடுத்தாக வேண்டும். நூறுக்கு வெளியே என்றால், வெடியால்தான் கெட்டது என்று காணிக்காரர் நிரூபிக்க வேண்டும். காட்டுக்குள் மிளகாய் போட்டுப் பிழைக்கிறவர்கள் அதை எப்படி நிரூபிப்பார்கள்? அந்த நூறு மீற்றர்தான் அவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு.

நாற்பத்தோராம் குழி லக்கலயில் பூரணம் என்பவருடைய காணியில் விழுந்தது. எல்கடுவத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். புருஷன் கதிர்வேலும் அவரும் தோட்டத்தை விட்டு வந்து, கொஞ்சம் நெல்லும், காடு வெட்டிய சேனையில் மிளகாயும் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் சிங்களக் குடும்பங்கள். தமிழ் பேசிக்கொண்டு நான் படலையைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வெறுந் தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். நான் நீட்டிய படிவத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை.

"நீங்க நம்ம ஆளு, சொன்னா சரிங்க தம்பி. கெணத்துக்கு ஒண்ணும் ஆகாதே?"

"நூறு மீற்றருக்கு அந்தப் பக்கம்தான் வைப்போம் அக்கா. ஒண்ணும் ஆகாது."

"ஆயிட்டா?"

"ஆயிட்டா நாங்களே வேற கெணறு வெட்டித் தந்திருவோம்."

அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கிணற்றைக் கதிர்வேல் தனியாளாக இரண்டு வருடம் தோண்டியதாகச் சொன்னார். ஆறு, அதாவது ஓயா, ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம், வழியெல்லாம் யானை. அந்த ஊரில் கிணறு எவ்வளவு பெரிய சொத்து என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வெடி நாளன்று காலை கிணற்றிலிருந்து டேப் பிடித்து அளந்து, நூற்றுநான்கு மீற்றரில் முளை அடித்தேன். புத்தகத்தில் நூற்றுநான்கு என்று எழுதியும் விட்டேன். துளை போட்ட பிறகு எழுத வேண்டியதை முன்கூட்டியே எழுதுவது எங்களுக்குள் ஒரு சோம்பேறிப் பழக்கம். துளைபோடும் சோமே மெஷினை வைத்தார். நாலு மீற்றர் இறங்கியது, அதோடு சரி. வெள்ளைக் கல், இரும்பு மாதிரி. துளைக்கும் முனையான பிட் ஒன்று சிக்கி நின்றது, இன்னொன்று பல் உடைந்தது. மூன்றாவது பிட் டவுனில் இருந்தது, மலை இறங்கிப் போய்வர ஒரு நாள் வேண்டும்.

மருந்துப் பெட்டி இரண்டு பொலிஸ்காரர்களோடு வந்து மரத்தடியில் காத்திருந்தது. எடுத்த மருந்தை அன்றைக்கே வெடித்து முடிக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் அடுத்த அனுமதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை கேபிள் முழுவதும் காட்டில் கிடக்கும், பன்றி கடித்துத் துண்டாக்கிவிடும். ரேடியோவில் ஹேரத் சேர், "நாப்பத்தொண்ணு ரெடியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இரண்டு கிலோமீற்றர் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

சோமே தாடையால் கிணற்றுப் பக்கத்தைக் காட்டினார். அவருக்குத் தோட்டத் தமிழ் வரும். "அங்க மெதுவான மண்ணு. ஒரு மணித்தியாலத்துல எறக்கிடுவேன்."

நான் பார்த்தேன். அந்த இடத்தில் மண் ஏன் மெது என்று எனக்குத் தெரியும். அடியில் பாறை வெடித்துச் சிதைந்திருக்கும், அந்த வெடிப்புகளில்தான் தண்ணீர் ஓடும். கதிர்வேலின் கிணற்றுக்குத் தண்ணீர் கொடுப்பதும் அதே வெடிப்புகள்தான். தொழில் தெரியாதவன் செய்த தப்பு என்று யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம். நன்றாகத் தெரிந்துதான் தலையாட்டினேன்.

வாழைத்தண்டில் கத்தி இறங்குவது போல மெஷின் இறங்கியது. பூரணம் வாசலிலிருந்து ஓடி வந்தார்.

"தம்பி, அங்கனதானே சொன்னீங்க?"

"அங்க கல்லு அக்கா. இங்கயும் ஒண்ணுதான்."

மருந்தை இறக்கி மண்ணால் அடைத்தார்கள். புத்தகம் என் கக்கத்தில் இருந்தது. நூற்றுநான்கின்மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் ஐம்பத்துச் சொச்சம் என்று எழுத எத்தனை நேரம் பிடிக்கும்? எழுதினால் அதை ரேடியோவில் வாசிக்க வேண்டும். வாசித்தால் சேர் வெடிக்க விடமாட்டார். பென்சில் சட்டைப் பையிலேயே இருந்தது. நூற்றுநான்கு என்று வாசித்தேன்.

வெடித்தது. காலுக்குக் கீழே ஒரு குத்து, குழியிலிருந்து கொஞ்சம் சேறு. பிறகு இருபது செக்கன். எல்லோரும் மரமாக நின்றோம். ஒரு கோழி மட்டும் கத்திக்கொண்டே ஓடியது. ரேடியோவில் சேர், "நல்லா வந்திருக்கு, நன்றி" என்றார். சோமேயின் ஆட்கள் குழியை மூடி மண்வெட்டியால் இழுத்துச் சமப்படுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். நாலு மீற்றரில் கைவிட்ட குழியை மூட யாருக்கும் நேரமில்லை. அதைச் சுற்றிக் கல் மாவு வெள்ளையாகக் கிடந்தது.

மூன்றாம் நாள் கிணற்றுத் தண்ணீர் பால் போல வந்ததாம். ஒரு வாரத்தில் வாளி கல்லில் தட்டியது. அடுத்த வாரம் அடியில் ஈரம் மட்டும்தான் இருந்தது. பூரணம் கிராம சேவகரிடம் போய்ச் சொல்ல, அவர் ஹேரத் சேருக்கு எழுதினார்.

விசாரணை பூரணத்தின் வாசலிலேயே நடந்தது. வாங்கு ஒன்றைப் போட்டுக் கிராம சேவகரும் சேரும் உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்துச் சனம் வேலியோரம் நின்றது. கதிர்வேல் தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெடித்த அன்று அவர் வேறு ஊரில் அறுவடைக் கூலிக்குப் போயிருந்தவர், குழி எது என்று கண்ணால் பார்க்காதவர்.

"நான் எண்ணி நடந்தேங்க" என்றார் பூரணம். "வெடிச்ச அன்னைக்கே நடந்தேன். குழியிலேர்ந்து கெணத்துக்கு எழுபத்தாறு காலடி."

கிராம சேவகர் சிரித்தார். சேர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "குழி எது?" என்று கேட்டார்.

அங்கே இரண்டு குழிகள் இருந்தன. ஒன்று மூடிக் கிடந்தது, அதன்மேல் மாடு நடந்து தடமே இல்லாமல் போயிருந்தது. மற்றது வெள்ளை மாவோடு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நான் நேராக வெள்ளைக் குழிக்கு நடந்து போய் நின்றேன். டேப் பிடித்தார்கள். நூற்றுநான்கு. புத்தகத்தைத் திறந்தார்கள். நூற்றுநான்கு.

"அது தோண்டிட்டு விட்ட குழிங்க!" பூரணத்தின் குரல் உடைந்தது. "தம்பி, நீங்கதானே நின்னீங்க! சொல்லுங்களேன் தம்பி!"

நான் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கதிர்வேல்தான் பேசினார், அதுவும் பெண்சாதியைப் பார்த்து. "வாய மூடு. நாலு பேரு முன்னால மானத்த வாங்காத. டேப்பு பொய் சொல்லுமா?" வேலியோரத்தில் யாரோ சிரித்தார்கள். பூரணம் என்னை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

ஜீப்புக்குப் போகும் வழியில் சேர் கேட்டார். "நாப்பத்தொண்ணு புத்தகத்துல இருக்குற எடத்துலதானே?"

"ஆமா சேர்."

வாசலில் குழி எது என்று கேட்டதைச் சேர்த்தால் இது இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை கேட்க அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. என்னை அலுவலகத்தில் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பதிவுத் தாள்கள் விரித்திருந்தன. ஒரு வரிசையில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அதே குரலில், "நாப்பத்தொண்ணு புத்தகத்துல இருக்குற எடத்துலதானே?" என்றார்.

மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. வெயில் ஏறுமுன் ஒரு கிணறு வெட்ட நேரம் இருந்தது. ஆனால் இப்போது உண்மையைச் சொன்னால் முன்பு சொன்ன பொய்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். வேலை போகும், மகளின் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம், எல்லாம் மண்டைக்குள் சுற்றியது. "ஆமா சேர்" என்றேன்.

"சரி, போங்க" என்றார். அதற்குப் பிறகு என் கையில் குழிப் புத்தகத்தைத் தரவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை இரண்டு வருடம் கூடவே வேலை செய்தேன். எது கேட்டாலும் ஒரு தடவைதான் கேட்டார். அந்த ஒரு தடவையும் என் பதிலுக்குக் காத்திருக்காமல் வேறு யாரிடமோ விசாரித்துக்கொள்வார்.

மூன்றாம் தடவை நான் பொய் சொல்லி இரண்டு மாதத்தில் லக்கலயில் வெயில் கொளுத்தியது. பஸ்ஸில் வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொழுது சாயுமுன் ஓயாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போன ஒருவரை யானை அடித்துவிட்டதாம், தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ் ஆளாம், பெயர் கதிர்வேலாம். நான் சாவீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ஹேரத் சேரிடமும் சொல்லவில்லை. அவர் காதுக்கு எப்படியும் வந்திருக்கும். மூன்று வருடத்துக்கு முன் அவர் காலமானபோது மட்டும் போய், சனத்தோடு சனமாக நின்றுவிட்டு வந்தேன்.

ஷிஃபானா மடிக்கணினியோடு வந்தாள். திரையில் அந்தப் படம். மேற்கே சரிந்து இறங்கும் கறுப்பு வரிகளைக் காட்டினாள். அதுதான் இரண்டு பாறைகளும் சேரும் இடம். லக்கலவுக்கு அடியில் வரும்போது வெள்ளைப் பட்டை குறுக்கே வந்து வெட்டிவிடுகிறது. பட்டைக்கு இந்தப் பக்கம் வரி ஒரு ஆழத்தில் நிற்கிறது, அந்தப் பக்கம் வேறு ஆழத்தில் தொடங்குகிறது. நடுவில் உடைந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை என்றாள்.

"பதிவு நல்லாத்தான் இருக்கு அங்கிள். எடம்தான் பிழை. இந்தப் பக்கத்து ஜியோபோனுக்கெல்லாம் சத்தம் முந்திப் போயிருக்கு, அந்தப் பக்கத்துக்குப் பிந்திப் போயிருக்கு. எட்டு மில்லிசெக்கன்."

ஒரு செக்கனை ஆயிரமாக வெட்டினால் அதில் எட்டு. நான் மூன்று தடவை சொன்ன பொய், நாடாவில் அந்த அளவுக்குப் பதிந்து கிடந்திருக்கிறது. சோமேயின் ஆட்கள் மண்வெட்டியால் இழுத்து மூடியதையெல்லாம் அது கண்டுகொள்ளவே இல்லை.

"நாப்பத்தாறு மீற்றர் தள்ளி வெடிச்சிருக்கீங்கன்னு கணக்கு வருது" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, பழைய தாள் ஒன்றின் படத்தைத் திறந்தாள். "இதையும் பாருங்க. ஹேரத் சேர்ட கையெழுத்து."

நாற்பத்தொன்று என்ற வரிக்கு நேரே பென்சிலால் எழுதியிருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த சின்னச் சின்ன எழுத்து. இடம் சந்தேகம், படத்தில் சேர்க்க வேண்டாம் என்று சிங்களத்தில். வெள்ளைப் பட்டை விழுந்தது அதனால்தான். அதற்குக் கீழே இன்னொரு வரி. மூன்று தடவை கேட்டேன்.

நான் அழுதேன். பேரப்பிள்ளை வயதுப் பெண்ணுக்கு முன்னால் அழுதுவிட்டேன். அவரும் தெரிந்துகொண்டுதான் சும்மா இருந்தார் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை என் வாயால் வரட்டும் என்று அவர் காத்திருந்தார், நான் சொல்லவில்லை. அன்று எல்லாவற்றையும் ஷிஃபானாவிடம் சொன்னேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "சரியான எடத்த ஜீபிஎஸ்ல எடுக்கணும் அங்கிள். நீங்க வந்து காட்டணும்" என்றாள்.

இரண்டு கிழமை கழித்துப் போனோம். புதிய நீர்த்தேக்கம் வந்த பிறகு ரோட்டெல்லாம் மாறிவிட்டது, எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆனால் பூரணத்தின் வீடு அதே இடத்தில் இருந்தது. பக்கத்தில் குழாய்க் கிணறு ஒன்று, யாரோ தர்மத்துக்குப் போட்டுக் கொடுத்ததாம். பழைய கிணற்றைத் தகரத்தால் மூடி மேலே கல் ஏற்றியிருந்தார்கள். பூரணம் வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை ஒரே பார்வையில் கண்டுகொண்டார்.

நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அக்கா, நான் பொய் சொன்னேன்" என்று மட்டும் வந்தது.

"தெரியும்" என்றார். "எதுக்கு வந்தீங்க?"

ஷிஃபானாதான் விளக்கினாள். வெடித்த இடம் சரியாக எது என்று தெரிய வேண்டும் என்றாள். பூரணம் முன்னால் நடந்தார். மிளகாய்ப் பாத்திக்கு நடுவில் உடைந்த அம்மிக்கல் ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடந்தது.

"நீங்க எல்லாரும் போன அன்னைக்கே வச்சேன். இத யாரையும் அசைக்க விடல."

ஷிஃபானா கல்லின்மேல் கருவியை வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டாள். நான் டேப்பை எடுத்தேன். ஒரு முனையைப் பூரணம் கேட்டு வாங்கி, கிணற்றுக் கட்டில் வைத்துப் பிடித்தார். நான் கல் வரை இழுத்துக் குனிந்து பார்த்தேன்.

"எவ்வளவு?"

"அம்பத்தெட்டு மீற்றர் அக்கா."

"அது எத்தன காலடி?"

ஷிஃபானா மனதுக்குள் கணக்குப் போட்டாள். "நீங்க எட்டி வச்சு நடந்திருந்தா எழுபத்தஞ்சு, எழுபத்தாறு வரும்."

பூரணம் கிணற்றுக் கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், கிராம சேவகரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், ஊரைக் கூட்டினால் ஊர் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு சாகுற அன்னைக்கு மத்தியானமும் அதே சண்டைதான்" என்றார் பிறகு. "தண்ணி இல்லன்னு நான் ஏதோ சொல்லப்போக, அவருக்குக் கோவம் வந்துருச்சு. 'படிச்சவங்க டேப்பு புடிச்சு அளந்தாங்க, ஒனக்கு எண்ணத் தெரியல, ஊரு சிரிச்சதுதான் மிச்சம்'னாரு. வாளிய எடுத்துக்கிட்டுப் போனாரு. இப்ப நீங்க எழுதித் தாறத அவருகிட்ட யாருங்க போய் வாசிச்சுக் காட்டுறது?"

டேப்பைச் சுற்றத் தொடங்கினேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சுத்தாதீங்க" என்றார் பூரணம். வீட்டுப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். முப்பது வயதிருக்கும், கையில் மாவோடு வந்தாள். அப்பா செத்தபோது பதினாறு வயதுப் பிள்ளை. எழுபத்தாறு காலடி என்று அம்மா பிடித்த பிடிவாதத்தால் வீட்டில் நடந்த சண்டையையெல்லாம் பார்த்தவள்.

"இன்னொருக்கா அளங்க. இவ பாக்கணும்."

பூரணம் மறுபடி முனையைக் கிணற்றுக் கட்டில் வைத்துப் பிடித்தார். நான் கல் வரை இழுத்தேன். மகள் வந்து என் பக்கத்தில் குனிந்தாள். ஐம்பத்தெட்டுதான். அவள் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து, டேப்பின் அந்த முனையில் குந்தியிருந்த தாயைப் பார்த்தாள். "அம்மா" என்றாள். பூரணம் முனையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.